கூட்டத்தின் வாயிலிருந்து வந்த சொல்

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைப் படித்த ஒருவர் கேட்ட கேள்வி இது: “புரூட்டஸ் பேசும்போது கூட்டம் முழுக்க அவன் பக்கம் நிற்கிறது. அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்து ஆண்டனி சீசரின் பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிறான். ஒரே பேச்சில் ஊரே தலைகீழாகிவிடுகிறது. இது நம்பும்படியாக இல்லையே? அந்தப் பேச்சில் அப்படி என்னதான் இருக்கிறது?”

இருபது வருடங்களுக்கு மேல் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொதுவாகச் சொல்லிக்கொடுக்கப்படும் விளக்கம் எளிமையானது: ஆண்டனி தந்திரக்காரன், கூட்டம் முட்டாள், புரூட்டஸ் நல்லவன், பாவம். இதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கூட்டம் முட்டாள் கூட்டம் இல்லை. ஆண்டனியின் அழுகையும் பொய் இல்லை. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டு படித்தால்தான் அந்தப் பேச்சின் பலம் முழுசாகத் தெரியும்.

முதலில் நிலவரம். கி.மு. 44, மார்ச் 15. ராஜாவாகிவிடுவார் என்று சொல்லி, ரோமை ஆண்ட சீசரைப் புரூட்டஸும் காசியஸும் அவர்கள் கூட்டாளிகளும் குத்திக் கொன்றாயிற்று. ஆண்டனி சீசருக்கு நெருங்கியவன், அந்த ஆண்டு அவரோடு ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் இருந்தவன். அவனையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்று காசியஸ் முன்பே சொல்லியிருந்தான். புரூட்டஸ்தான் மறுத்தான். தலையை வெட்டிய பிறகு கையையும் காலையும் எதற்கு வெட்டுவது என்பது அவன் வாதம். கொலை முடிந்ததும் ஆண்டனி வருகிறான். ரத்தம் தோய்ந்த கைகளை ஒவ்வொன்றாகப் பற்றிக் குலுக்குகிறான். பிறகு ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறான்: நண்பனுக்கு நண்பனாக இறுதிச்சடங்கில் நான் பேச வேண்டும். காசியஸ் புரூட்டஸைத் தனியே இழுத்து, “என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறாய், ஒத்துக்கொள்ளாதே” என்று கெஞ்சுகிறான். புரூட்டஸ் கேட்கவில்லை. நான் முதலில் பேசிவிடுகிறேன், அப்புறம் அவன் பேசட்டும் என்கிறான். ஆண்டனிக்குச் சில நிபந்தனைகள் போடுகிறான். எங்களைக் குறை சொல்லக் கூடாது. சீசரைப் பற்றி நல்லதாக எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். எங்கள் அனுமதியோடுதான் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

புரூட்டஸ் செய்த இரண்டு பெரிய தவறுகளாக, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுவது இவைதான்: ஆண்டனியை உயிரோடு விட்டது, இறுதிச்சடங்கையும் உயில் வாசிப்பையும் அவன் கேட்டபடி நடத்த விட்டது. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையை எடுத்தது புளூட்டார்க்கிடமிருந்துதான். 1579இல் தாமஸ் நார்த் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் கையில் இருந்தது. ஆனால் ஆண்டனி என்ன பேசினான் என்று புளூட்டார்க் வரிவரியாகத் தரவில்லை. நாம் படிக்கும் பேச்சு ஷேக்ஸ்பியர் கட்டியது.

இப்போது புரூட்டஸின் பேச்சைப் பாருங்கள். அது உரைநடையில் இருக்கிறது. ரோமர்களே, நாட்டவரே, அன்பர்களே என்று தொடங்குகிறான். “சீசர் மேல் எனக்கு அன்பு குறைந்துவிடவில்லை, ரோம் மேல் அன்பு அதைவிடக் கூடுதல்” என்கிறான். என்னை நேசித்தான், அதற்காக அழுகிறேன். வீரனாக இருந்தான், அதற்காக மதிக்கிறேன். அதிகார ஆசை கொண்டான், அதற்காகக் கொன்றேன். ஒவ்வொரு வாக்கியமும் தராசுத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். புளூட்டார்க் புரூட்டஸின் கடிதங்களைப் பற்றிச் சொல்லும்போது, கிரேக்க மொழியில் சுருக்கமாக, வெட்டு வெட்டாக எழுதுகிறவன் என்கிறார். ஷேக்ஸ்பியர் அந்த நடையை அப்படியே பிடித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் சீசருக்கு அதிகார ஆசை இருந்தது என்பதற்கு அந்தப் பேச்சில் ஓர் ஆதாரம்கூட இல்லை. ஒரு நாள், ஒரு சம்பவம், ஒரு சட்டம் எதையும் அவன் எடுத்துக் காட்டவில்லை. “என் நாணயத்துக்காக என்னை நம்புங்கள்” என்கிறான். அடிமையாக இருக்க விரும்புகிற கேவலமானவன் இங்கே யாராவது உண்டா, இருந்தால் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்கிறான். இப்படிக் கேட்டால் எவன் கையைத் தூக்குவான்? கூட்டம் “யாரும் இல்லை” என்கிறது. தன் வாதம் ஏறிவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். கூட்டத்தில் ஒருவன் கத்துகிறான்: “இவனையே சீசர் ஆக்குவோம்!” ராஜா வேண்டாம் என்று ஒரு கொலையைச் செய்துவிட்டு வந்து நிற்பவனிடம் சொல்லப்படும் பாராட்டு இது. ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கூட்டத்துக்குப் பிடித்துப்போனது புரூட்டஸ் என்கிற ஆளை, அவன் கொள்கையை இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆண்டனி இந்தக் கூட்டத்தைக் கவிழ்க்கவில்லை. அங்கே நட்டு வைக்கப்பட்ட கம்பம் எதுவும் இல்லை.

அப்புறம் புரூட்டஸ் செய்வதுதான் இன்னும் பெரிய பிழை. எனக்காக எல்லோரும் இங்கேயே இருந்து ஆண்டனி பேசுவதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கிப் போய்விடுகிறான். கடைசிப் பேச்சும் எதிராளிக்கு, மேடையும் எதிராளிக்கு, மறுத்துப் பேச ஓர் ஆளும் இல்லை.

ஆண்டனி மேடை ஏறும்போது கீழே என்ன பேச்சு நடக்கிறது என்பதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். “புரூட்டஸைப் பற்றித் தப்பாகப் பேசாமல் இருந்தால் அவனுக்கு நல்லது.” “இந்தச் சீசர் ஒரு கொடுங்கோலன்.” “அதில் என்ன சந்தேகம், ரோம் அவனிடமிருந்து தப்பித்தது நம் புண்ணியம்.” இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டுதான் அவன் தொடங்குகிறான். முதலில் “அருமை ரோமர்களே...” என்று ஆரம்பிப்பான், சத்தத்தில் அது எடுபடாது. மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது முயற்சிதான் உலகத்துக்கே தெரிந்த வரி: நண்பர்களே, ரோமர்களே, நாட்டவரே, செவி கொடுங்கள். புரூட்டஸ் ‘ரோமர்களே’ என்று தொடங்கினான், இவன் ‘நண்பர்களே’ என்று தொடங்குகிறான். ‘காது கொடுத்துக் கேள்’ என்று நாம் வீட்டில் சொல்கிற அதே வழக்கு ஆங்கிலத்தில் வந்து நிற்பதைப் பார்த்து மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் சந்தோஷப்படுவார்கள். “சீசரைப் புதைக்க வந்திருக்கிறேன், புகழ வரவில்லை” என்பது அடுத்த வரி. கொடுங்கோலன் என்று கத்திக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அங்கேயே இறக்கிவிட்டிருப்பார்கள்.

அடுத்து, அனுமதியோடு பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை. ஆண்டனி அதை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறான்: “புரூட்டஸும் மற்றவர்களும் தந்த அனுமதியோடு பேச வந்திருக்கிறேன். ஏனென்றால் புரூட்டஸ் மாண்புமிக்கவர். அவர்கள் எல்லோருமே மாண்புமிக்கவர்கள்.” ஆங்கிலத்தில் ‘ஹானரபிள்’ என்ற இந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வகுப்பில் எப்போதும் பேச்சு வரும். கண்ணியமானவர், மதிப்புக்குரியவர், கௌரவமானவர் எல்லாம் பொருளுக்குச் சரி. ஆனால் எனக்கு ‘மாண்புமிக்கவர்’தான் பொருத்தமாகப் படுகிறது. அது மேடைக்காகவே இருக்கிற சொல். மேடையில் திரும்பத் திரும்பச் சொல்லும்போது உள்ளே இருக்கும் பொருள் வடிந்துபோய் வெறும் ஓசை மட்டும் மிஞ்சும். ஆண்டனிக்கு வேண்டியது அதுதான்.

அவன் சாட்சிகளை ஒவ்வொன்றாக வைக்கிறான். சீசர் போர்க்கைதிகளைக் கொண்டுவந்தார், அவர்களை மீட்கக் கொடுத்த பணம் பொதுக் கஜானாவில் சேர்ந்தது. இதுவா அதிகார ஆசை? ஏழைகள் அழுதபோது அவரும் அழுதார். அதிகார ஆசை இதைவிடக் கல்நெஞ்சாக அல்லவா இருக்க வேண்டும்? லூபர்கல் விழாவில் நானே மூன்று முறை மகுடத்தை நீட்டினேன், மூன்று முறையும் வேண்டாம் என்றார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். சாட்சிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப அதே இரண்டு வரி: ஆனாலும் அவருக்கு அதிகார ஆசை என்று புரூட்டஸ் சொல்கிறார், புரூட்டஸோ மாண்புமிக்கவர். உயில் பேச்சே எடுக்கும் முன்பு இந்த வரி நான்கு முறை வந்துவிடுகிறது. முதல் முறை அது மரியாதை. இரண்டாம் முறை ஒரு சின்ன உறுத்தல். நான்காம் முறை வரும்போது கேட்பவனே தலையை ஆட்டத் தொடங்கிவிடுவான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்போமே, அதுதான். புரூட்டஸ் போட்ட நிபந்தனை எதையும் அவன் மீறவில்லை.

இந்தச் சாட்சிகள் உறுதியானவையா என்று கேட்டால், இல்லை. மகுடத்தை மறுத்த கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அங்கத்தில், பின்னால் கொலையில் சேரும் காஸ்கா அதே காட்சியைச் சொல்லும்போது, சீசருக்கு அதை விட மனமே இல்லை, விரல்கள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன என்கிறான். ஆனால் கூட்டம் பார்த்தது மறுத்ததை மட்டும்தான். புரூட்டஸ் ‘என்னை நம்பு’ என்றான், ஆண்டனி ‘நீயே பார்த்தாயே’ என்கிறான். இந்த இரண்டில் ஒரு சாதாரண மனிதன் இரண்டாவதை எடுத்துக்கொண்டால் அவனை முட்டாள் என்று எப்படிச் சொல்வது?

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். “பொறுத்துக்கொள்ளுங்கள். என் நெஞ்சு அங்கே சவப்பெட்டிக்குள் சீசரோடு கிடக்கிறது. அது திரும்பி வரும்வரை நான் நிறுத்தத்தான் வேண்டும்” என்று சொல்லிவிட்டு ஆண்டனி திரும்பிக்கொள்கிறான். பேச்சு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில் கூட்டம் தங்களுக்குள் பேசத் தொடங்குகிறது. “இவன் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிற மாதிரி இருக்கே.” “யோசித்துப் பார்த்தால் சீசருக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது.” “மகுடத்தை வேண்டாம் என்றார் அல்லவா, அப்படியானால் அதிகார ஆசை இல்லை என்பது நிச்சயம்.” “ஐயோ பாவம், அழுது அழுது கண் நெருப்பாய்ச் சிவந்திருக்கிறது.” வகுப்பில் இந்தப் பகுதியை நான் மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து வாசிக்க வைப்பேன். ஆண்டனியாக வாசிக்கும் மாணவரைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வேன். பத்து வினாடி அமைதி. பிறகு பின்வரிசையிலிருந்து ஒவ்வொரு குரலாக வரும். முடிவுக்கு வருவது ஆண்டனி இல்லை, தாங்கள்தான் என்பது வாசிக்கும்போதே அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். ஒருவன் சொல்லி ஏற்றுக்கொள்ளும் முடிவை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தானே கண்டுபிடித்த முடிவை மனிதன் சுலபத்தில் விடமாட்டான்.

அந்தக் காலத்து நாடக அரங்கில் இது இன்னும் பலமாக வேலை செய்திருக்கும். இந்த நாடகம் 1599இல் லண்டனில் மேடையேறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதி தாமஸ் பிளாட்டர் என்ற சுவிஸ் பயணி பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். பட்டப்பகல், திறந்த கூரை, ஒரு பென்னி கொடுத்து மேடையைச் சுற்றி நின்றுகொண்டே பார்க்கும் ஜனம். ‘ரோமர்களே’ என்று ஆண்டனி கூப்பிடும்போது அவன் பார்வை விழுவது அவர்கள் மேல்தான்.

சரி, உயிலுக்கு வருவோம். சீசரின் முத்திரையோடு ஒரு தோல் சுருளைக் காட்டுகிறான். இது சீசரின் உயில், மன்னியுங்கள், இதை நான் படிக்கப் போவதில்லை என்கிறான். படித்தால் ஜனங்கள் சீசரின் காயங்களை முத்தமிடுவார்கள், அவர் தலைமுடி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொள்வார்கள் என்கிறான். கூட்டம் “உயில், உயில்” என்று கத்துகிறது. “வேண்டாம். நீங்கள்தான் அவருடைய வாரிசுகள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.” சொல்லமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சொல்லிவிட்டான். அடுத்த வரியில் அவன் இப்படிச் சொல்கிறான்: “சீசரைக் கத்தியால் குத்திய அந்த மாண்புமிக்கவர்களுக்கு நான் தீங்கு செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.” உடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “அவர்கள் துரோகிகள்! மாண்புமிக்கவர்களாம்!”

துரோகி என்ற சொல் அந்தப் பேச்சில் முதன்முதலாக எழுவது இங்கேதான், அதுவும் கூட்டத்தின் வாயிலிருந்து. நம் ஊரில் போட்டு வாங்குவது என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை ஆண்டனி பிறகு தாராளமாகப் பயன்படுத்துகிறான். ஆனால் அதை முதலில் சொன்னவன் அவன் இல்லை.

பிறகு அவன் மேடையை விட்டுக் கீழே இறங்குகிறான். இறங்கலாமா என்று அனுமதி கேட்டுத்தான் இறங்குகிறான். முதலில் புரூட்டஸின் அனுமதி, இப்போது ஜனங்களின் அனுமதி. எஜமான் யார் என்பது மாறிவிட்டது. பிணத்தைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொல்கிறான். “கண்ணீர் இருந்தால் இப்போது சிந்தத் தயாராகுங்கள்” என்று சொல்லி, சீசரின் மேலங்கியைக் கையில் எடுக்கிறான். இந்த அங்கி உங்கள் எல்லோருக்கும் தெரியும். சீசர் இதை முதன்முதலில் போட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கோடைக்கால மாலை. அவருடைய கூடாரத்தில். நெர்வியர் இனத்தாரை வென்ற அன்று.

இந்த நான்கு வரியை நிதானமாகப் படியுங்கள். கொலை, அரசியல், அதிகாரம் எல்லாம் ஓரமாகப் போய்விடுகின்றன. ஒரு மனிதன் சாயங்கால நேரத்தில் புதுத் துணி போட்டுக்கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். இறந்துபோனவரின் சட்டையை மடித்து வைக்க எடுத்தவர்களுக்கு இது விளங்கும். அதற்குப் பிறகுதான் விரலை ஓட்டைகளில் வைக்கிறான். இதோ, இந்த இடத்தில் காசியஸின் கத்தி நுழைந்தது. இந்தக் கிழிசல் பொறாமை பிடித்த காஸ்கா செய்தது. இதன் வழியாகத்தான் சீசர் செல்லமாக வைத்திருந்த புரூட்டஸ் குத்தினான். அவன் கத்தியை வெளியே இழுத்தபோது, கதவைத் தட்டியது புரூட்டஸ்தானா என்று பார்க்க ஓடிவருவது போல ரத்தம் பின்னாலேயே ஓடிவந்தது என்கிறான்.

கொலை நடந்தபோது ஆண்டனி அந்த இடத்திலேயே இல்லை. சதிகாரர்களில் ஒருவனான ட்ரெபோனியஸ் அவனைப் பேச்சுக் கொடுத்து வெளியே கூட்டிப்போய்விட்டான். எந்த ஓட்டை எவன் கத்தி போட்டது என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. நெர்வியரோடு நடந்த போர் கி.மு. 57இல். சரித்திரப்படி பார்த்தால் ஆண்டனி சீசரின் படையில் சேர்ந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், ஆகவே அந்தக் கோடை மாலையையும் அவன் பார்த்திருக்க முடியாது. கூட்டத்தில் ஒருவனும் இதைக் கேட்கவில்லை. படிக்கிற நாமும் கேட்பதில்லை. கண் முன்னால் துணியும் ஓட்டையும் ரத்தமும் இருக்கும்போது, அதற்குச் சொல்லப்படும் கதையையும் கண் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறது. அப்புறம் அங்கியை ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறான். அடியில் உடல். பழிவாங்கு, தேடு, எரி, கொல்லு என்று கூட்டம் வெடிக்கிறது.

அந்த நேரத்தில் அவன் “நான் புரூட்டஸ் மாதிரிப் பேச்சாளன் இல்லை. நான் ஒளிவுமறைவு தெரியாத சாதாரண ஆள்” என்கிறான். இதைவிடத் துணிச்சலான வரி அந்த நாடகத்தில் இல்லை. கூட்டம் ஓடத் தொடங்கிய பிறகு அவனே கூப்பிட்டு நிறுத்துகிறான்: உயிலை மறந்துவிட்டீர்களே! ஒவ்வொரு ரோமனுக்கும் 75 திராக்மா வெள்ளிக்காசு, டைபர் நதிக்கரையில் தோட்டங்கள், உங்களுக்கும் உங்கள் சந்ததிக்கும் என்றென்றைக்கும். காசு விஷயத்தை ஏன் கடைசிக்கு வைத்தான் என்று மாணவர்கள் கேட்பார்கள். முதலிலேயே சொல்லியிருந்தால் காசுக்காக அழுத மாதிரி ஆகியிருக்கும். அழுது முடித்தவனிடம் சொல்லும்போது, இப்படிப்பட்டவரையா கொன்றார்கள் என்று அந்தக் காசும் துக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது.

உண்மையில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நாடகத்துக்குச் சளைத்ததல்ல. ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுவதைப் பார்த்தால் ஆண்டனி நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. சீசருக்கு எல்லா மரியாதைகளையும் வழங்கி ரோமின் ஆட்சி மன்றமான செனட் போட்ட தீர்மானத்தையும், அவரைக் காப்போம் என்று அந்த உறுப்பினர்கள் செய்த சத்தியத்தையும் ஓர் அறிவிப்பாளனைக் கொண்டு வாசிக்கச் செய்து, தன் பங்குக்குச் சில வார்த்தைகள் மட்டும் சேர்த்தான். காப்போம் என்று சத்தியம் செய்தவர்களே கொன்றிருக்கிறார்கள். அதை வெறுமனே வாசித்தாலே போதாதா! இன்னொரு பழைய வரலாற்றாசிரியர் அப்பியன் சொல்வது வேறு மாதிரி. ரத்தம் தோய்ந்த அங்கியை ஈட்டி முனையில் தூக்கிக் காட்டினான் என்றும், 23 காயங்களும் தெரியும்படி செய்த மெழுகு உருவத்தை எந்திரம் வைத்து எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினார்கள் என்றும் எழுதுகிறார். பெஞ்சுகளையும் கையில் கிடைத்த மரச்சாமான்களையும் குவித்து, ரோமின் பொதுச் சதுக்கத்திலேயே உடலை எரித்தார்கள். அந்த இடத்தில் எழுந்த கோயிலின் இடிபாடு இன்றும் ரோமில் இருக்கிறது, ஜனங்கள் இன்றும் அங்கே பூ வைக்கிறார்கள்.

அப்படியானால் ஆண்டனி நடித்தானா, அழுதானா? இதற்கு விடை, மேடைப் பேச்சுக்கு முந்திய காட்சியில் இருக்கிறது. எல்லோரும் போன பிறகு அவன் பிணத்தோடு தனியாக நிற்கிறான். பார்க்க ஆளில்லை. “ரத்தம் வடியும் மண்துண்டே, இந்தக் கசாப்புக்காரர்களோடு நான் பணிவாக நடந்துகொண்டதற்கு என்னை மன்னித்துவிடு” என்கிறான். அது நடிப்பு இல்லை. அதே மூச்சில், இத்தாலி முழுக்க உள்நாட்டுப் போர் வரும், தாய்மார்கள் துண்டாக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு மனம் மரத்துப்போகும் என்று சாபமும் இடுகிறான். துக்கமும் கணக்கும் அவனுக்குள் ஒரே இடத்தில் இருந்தன. வெறும் கணக்கு என்றால் கண் சிவந்திருக்காது, வெறும் துக்கம் என்றால் உயிலைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கமாட்டான். கூட்டம் ஓடிய பிறகு அவன் சொல்வது: “இனி அது வேலை செய்யட்டும்.”

அடுத்த முறை அவனை நாம் பார்ப்பது நான்காம் அங்கத் தொடக்கத்தில். இப்போது அவனுடைய கூட்டாளிகளான ஆக்டேவியஸ், லெபிடஸ் இருவரோடும் உட்கார்ந்து, யார் யார் சாக வேண்டும் என்று பட்டியலில் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறான். சொந்தச் சகோதரி மகன் பெயருக்கும் ஒரு புள்ளி. பிறகு லெபிடஸைச் சீசரின் வீட்டுக்கு அனுப்புகிறான்: அந்த உயிலை எடுத்து வா, கொடுக்க வேண்டியதில் எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்போம்.

அந்தப் பேச்சுக்கும் இந்தப் பட்டியலுக்கும் நடுவில் ஒரு குட்டிக் காட்சி இருக்கிறது. மேடையேற்றும்போது சிலர் அதை வெட்டிவிடுவது எனக்கு இன்றும் வருத்தம். தயவுசெய்து நீங்கள் தாண்டிப் போகாதீர்கள். தெருவில் கூட்டம் ஒருவனை மறிக்கிறது. பெயர் என்ன, எங்கே போகிறாய், எங்கே குடியிருக்கிறாய் என்று நாலாபக்கமும் கேள்வி. பெயர் சின்னா என்கிறான். கொலைகாரர்களில் ஒருவனுக்கும் அதே பெயர். “நான் கவிஞன் சின்னா, அந்தச் சின்னா இல்லை” என்று கத்துகிறான். “அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கிழித்துப் போடு” என்கிறான் ஒருவன். கொஞ்ச நேரம் முன்பு, மகுடத்தை மறுத்தார் என்றால் ஆசை இல்லை என்றுதானே பொருள் என்று காரண காரியம் பேசிய அதே ஜனம் இது. எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு அந்தக் கவிஞன் முதலிலேயே பதில் சொல்லியிருந்தான். சீசரின் இறுதிச்சடங்குக்குப் போகிறேன் என்றான். நண்பனாகவா, பகைவனாகவா என்று கேட்டார்கள். நண்பனாக என்றான்.